எதிரியின் மொழியைப் படித்த கைதி

சிறைக்குப் போனவன் என்ன படிப்பான்? சட்டம் படிப்பான், வேதம் படிப்பான், விட்டுப்போன பட்டத்தை முடிப்பான். ஆனால் 1960களில் தென் ஆப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் ஒரு கைதி தன்னைப் பூட்டி வைத்தவர்களின் தாய்மொழியை உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். தபால் வழிப் பாடம், இலக்கணம், கவிதை, வரலாறு என்று முறையாகவே படித்தார். கூட இருந்த கைதிகளுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அந்தக் கைதி நெல்சன் மண்டேலா. அந்த மொழி ஆஃப்ரிகான்ஸ்.

எதிரியை நேசிக்க வேண்டும் என்று பேசுவோர் எல்லாரும் மண்டேலா பெயரைச் சொல்வார்கள். 27 ஆண்டுகள் சிறையில் இருந்தார், வெளியே வந்தார், எல்லாரையும் மன்னித்தார்... கதை இரண்டு வரியில் முடிந்துவிடும். கேட்பவருக்கு என்ன தோன்றும்? அவர் மகான், பிறவியிலேயே அப்படி, நம்மால் ஆகாது. இந்த இரண்டு வரிக் கதையில் அந்த 27 ஆண்டுகளும் காணாமல் போய்விடுகின்றன. உண்மையில் அந்த ஆண்டுகளில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு பாடத்தைப் படிப்பது போல, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, அவர் தன் எதிரியைப் படித்தார்.

முதலில் அந்த எதிரி யார் என்று பார்த்துவிடலாம். 1652 முதல் தென் ஆப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் வழி வந்த வெள்ளையர்கள்தான் ஆஃப்ரிகானர்கள். போயர்கள் என்றும் சொல்வார்கள். அவர்களுடைய நேஷனல் கட்சி 1948 தேர்தலில் ஆட்சிக்கு வந்து நிறப்பாகுபாட்டையே நாட்டின் சட்டமாக்கியது. கறுப்பர் எங்கே குடியிருக்கலாம், என்ன படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

மண்டேலா இதை முதலில் அமைதியாக எதிர்த்தார். 1960-ல் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். 1961-ல் ஆயுதப் போராட்டத்துக்கான படையைத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அவர் அகிம்சாவாதி அல்ல. எதிரியை எதிர்க்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

1964 ஜூன் 12-ஆம் தேதி, ரிவோனியா வழக்கில் அவருக்கும் ஏழு தோழர்களுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அரசுத் தரப்பு வக்கீல் பெர்சி யூட்டர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும். எட்டுப் பேரில் ஒருவர் வெள்ளையர் என்பதால் அவரை பிரிட்டோரியாவில் தனியாக வைத்தார்கள். சிறையிலும் நிறம் பார்த்துத்தான் பூட்டு! மற்ற ஏழு பேரும் ராபன் தீவுக்குப் போனார்கள்.

தீவில் சுமார் ஏழடிக்கு எட்டடி அறை. படுக்கப் பாய். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு பார்வையாளர். சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. வெள்ளைக் கல்லில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் பதம் பார்த்தது, கறுப்புக் கண்ணாடி கேட்டு வாங்கவே சுமார் மூன்று ஆண்டுகள் ஆயின. ஏழு பேரில் அகமது கத்ராடா இந்திய வம்சாவளி. ஆகவே அவருக்கு முழுக்கால் சட்டை, ரொட்டி. மண்டேலா கறுப்பர், ஆகவே அரைக்கால் சட்டை, ரொட்டி கிடையாது. ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஆனால் தட்டில் விழுவது வேறு.

தமிழ் வம்சாவளியினரும் அந்தத் தீவில் இருந்தார்கள். காந்தியின் தென் ஆப்பிரிக்கப் போராட்டத்தில் அவருக்கு வலக்கரமாக இருந்த தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு அங்கே பத்தாண்டுகள் கைதியாக இருந்து, அங்கு நடந்த அடி உதைகளையெல்லாம் பின்னாளில் புத்தகமாக எழுதினார்.

1968-ல் மண்டேலாவின் தாய் இறந்தார். அடக்கத்துக்குப் போக அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மூத்த மகன் தெம்பி கார் விபத்தில் இறந்தார். அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. பெற்றவளுக்கும் பெற்ற பிள்ளைக்கும் ஒரு பிடி மண் போட விடாதவர்களின் மொழியைத்தான் அவர் படித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாக் மகராஜ் 1965-ல் தீவுக்கு வந்தவர். இவரும் இந்திய வம்சாவளி. மண்டேலா ரகசியமாக எழுதிய சுயசரிதையை 1976-ல் வெளியே கடத்திக்கொண்டு போனவர் இவர்தான். ஆஃப்ரிகான்ஸ் படிப்பதில் இவருக்கும் மண்டேலாவுக்கும் நடந்த வாக்குவாதத்தைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இது ஒடுக்குகிறவனின் மொழி, உலகத்தில் வேறெங்கும் செல்லாத மொழி, இதை எதற்குப் படிக்க வேண்டும் என்பது மகராஜின் கட்சி. மண்டேலா தந்த பதில் சுவையானது. நம் போர் நீண்ட போர், எதிரிப் படையின் தளபதி எப்படி யோசிப்பான் என்று தெரியாமல் அவனை மடக்க முடியாது, அவன் இலக்கியத்தையும் கவிதையையும் படித்தால்தான் அவன் மனதுக்குள் போக முடியும் என்றாராம்.

இந்தப் பதிலில் அன்பு எங்கே இருக்கிறது? ஒரு சொட்டுகூட இல்லை. இது போர்த் தந்திரம். மண்டேலாவின் அன்பு பாடம் தந்திரமாகத்தான் தொடங்கியது, இதை மறைக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஒரு மொழியைப் படித்தால் அது இலக்கணத்தோடு நின்றுவிடுவதில்லை. அந்த மொழி பேசுகிறவனின் தாலாட்டும் ஒப்பாரியும் சேர்ந்தே உள்ளே வந்துவிடும்.

ஆஃப்ரிகானர்களின் ஒப்பாரி என்ன? 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போர். பிரிட்டிஷ் படை அவர்கள் பண்ணைகளைக் கொளுத்தி, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தது. பட்டினியாலும் நோயாலும் அங்கே செத்தவர்கள் 26,000-க்கும் மேல், பெரும்பாலும் குழந்தைகள். (கறுப்பர்களுக்கென்று தனி முகாம்கள் இருந்தன. அங்கேயும் குறைந்தது 20,000 பேர் செத்தார்கள். அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப வெகுகாலம் யாரும் இல்லை.) இந்தப் போர் பற்றிய புத்தகங்களை மண்டேலா தேடித் தேடிப் படித்தார். போயர் தளபதிகளின் துணிச்சல் அவரைக் கவர்ந்தது. தன்னைப் பூட்டி வைத்திருப்பவர்கள் ஒரு காலத்தில் அடிபட்டவர்கள், மறுபடியும் அடிபடுவோமோ என்ற பயத்தில்தான் இப்படி அடிக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. புரிந்துகொண்டதால் அவர்கள் செய்தது நியாயமாகிவிடவில்லை. ஆனால் எதிராளி பயந்தவன் என்று தெரிந்தபின் அவனிடம் பேசும் முறை மாறிவிடுகிறது.

அதே மண்ணில் இதற்கு முன்பும் ஒன்று நடந்திருக்கிறது. காந்தியைச் சிறையில் போட்ட ஜெனரல் ஸ்மட்ஸ் ஒரு போயர் தளபதிதான். 1914-ல் தென் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்படும்போது, சிறையில் தன் கையால் தைத்த ஒரு ஜோடி செருப்பை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார் காந்தி. ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகளில் போட்டு நடந்தார். 1939-ல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டித் திருப்பி அனுப்பினார். இத்தனை பெரிய மனிதரின் செருப்பில் நிற்கத் தனக்குத் தகுதியில்லை என்று தோன்றியதாகவும் எழுதினார். ஆனால் காந்தியும் ஸ்மட்ஸும் பேசி முடித்த ஒப்பந்தத்தில் கறுப்பர்களின் பெயரே இல்லை. மண்டேலாவின் வேலை அங்கிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

தீவில் பாடத்தைச் செயலில் காட்டிய முதல் சம்பவம் 1964-லேயே நடந்தது. வக்கீல் ஜார்ஜ் பிசோஸ் அவரைப் பார்க்க வந்தார். முன்னும் பின்னும் இருபுறமும் எட்டுக் காவலர்கள் சூழ, அரைக்கால் சட்டையில் மண்டேலாவை நடத்தி வந்தார்கள். பிசோஸைக் கட்டித் தழுவியபின் மண்டேலா திரும்பி, இவர்கள் எனக்கு மரியாதை அணிவகுப்புத் தரும் வீரர்கள் என்று சொல்லி, ஒவ்வொரு காவலரையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்து வைத்தார். திகைத்துப்போன காவலர்கள் ஒவ்வொருவராக வக்கீலின் கையைக் குலுக்கினார்களாம். பாதி கிண்டல், பாதி மரியாதை. எது பாதி எது மீதி என்று அந்தக் காவலர்களுக்கே தெரிந்திருக்காது.

எல்லாக் காவலர்களும் அப்படி மசியவில்லை. 1966-ல் பிரதமர் வெர்வூர்ட் நாடாளுமன்றத்திலேயே குத்திக் கொல்லப்பட்டபின், கையில் ஸ்வஸ்திகா பச்சை குத்திய ஒரு காவலர் குவாரிக்கு மேற்பார்வையாளராக வந்து சேர்ந்தார். 1970-ன் கடைசியில் பாடன்ஹார்ஸ்ட் என்ற கர்னல் சிறைத் தலைவராக வந்தார். தீவு கண்டதிலேயே கொடூரமானவர் என்று பெயர் வாங்கியவர். நீதிபதிகள் மூவர் சிறையைப் பார்வையிட வந்தபோது, பாடன்ஹார்ஸ்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கைதிகள் அடிபட்டதைச் சொன்னார் மண்டேலா. பாடன்ஹார்ஸ்ட் அங்கேயே மிரட்டினார். நம்மிடமே இப்படி என்றால் நாம் இல்லாதபோது எப்படி நடத்துவார் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று நீதிபதிகளிடம் திரும்பினார் மண்டேலா. கொஞ்ச காலத்தில் கர்னலுக்கு மாற்றல் வந்தது.

புறப்படும்முன் பாடன்ஹார்ஸ்ட் மண்டேலாவைப் பார்த்து, உங்கள் எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். இதைத் தன் சுயசரிதையில் எழுதும் மண்டேலா, அந்த மனிதனுக்குள்ளும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது, கொடுமை செய்தால் பதவி கிடைக்கும் என்ற ஏற்பாடுதான் அவனை அப்படி ஆக்கியது என்ற முடிவுக்கு வருகிறார். இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் புகார், பிறகு மாற்றல், பிறகுதான் புரிதல். அடிக்கிறவனுக்கும் ஒரு மனம் உண்டு என்று சொல்லிப் புகாரை விழுங்கிவிடவில்லை.

1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ஏன்? பாடங்களை ஆஃப்ரிகான்ஸில் நடத்துவோம் என்று அரசு உத்தரவு போட்டதால்! போலீஸ் சுட்டது. அன்றும் அடுத்த மாதங்களிலும் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். எந்த மொழி வேண்டாம் என்று பிள்ளைகள் உயிரைக் கொடுத்தார்களோ அந்த மொழியை உள்ளே ஒருவர் விரும்பிப் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டே சொவெட்டோ இளைஞர்கள் கைதிகளாகத் தீவுக்கு வந்தார்கள். காவலர்களிடம் நல்லபடியாகப் பேசும் பெரியவர்களைப் பார்த்து அவர்களுக்கு எரிச்சல். ஓர் அதிகாரி முன்னால் தொப்பியைக் கழற்றச் சொன்னபோது, எதற்கு என்று திருப்பிக் கேட்டான் ஒரு பையன். மண்டேலா அவனைக் கண்டிக்கவில்லை. அந்தத் துணிச்சலைப் பார்த்து அசந்துபோனதாகத்தான் எழுதுகிறார். இளைஞர்களின் கோபம் தவறு என்று அவர் நினைக்கவே இல்லை.

1982-ல் அவரைக் கேப் டவுன் பக்கத்திலுள்ள போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றினார்கள். ராபன் தீவில் 18 வயதில் வேலைக்குச் சேர்ந்த கிறிஸ்டோ பிராண்ட் என்ற காவலர் அங்கேயும் வந்தார். பண்ணை வீட்டுப் பையன். தீவில் இருந்தபோது, வின்னி மண்டேலா மறைத்துக் கொண்டுவந்த பேத்திக் குழந்தையை விதியை மீறி ஒரு நிமிடம் மண்டேலாவின் கையில் கொடுத்தவர். பதிலுக்கு மண்டேலா அந்தக் காவலரை மேலே படி, பரீட்சை எழுது என்று விடாமல் வற்புறுத்தினார்.

போல்ஸ்மூரில் நடந்த இன்னொரு கதையை ஜான் கார்லின் என்ற பத்திரிகையாளர் பதிவு செய்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டைச் சூடு பண்ண மண்டேலாவுக்கு ஒரு ஹாட் பிளேட் தேவைப்பட்டது. தர வேண்டியவர் வான் சிட்டர்ட் என்ற மேஜர், சிடுமூஞ்சி. அவருக்கு உயிர் ரக்பி ஆட்டம். ரக்பி ஆஃப்ரிகானர்களின் மதம் மாதிரி. கறுப்பர்களோ சொந்த நாட்டு அணி தோற்க வேண்டும் என்று எதிரணிக்குக் கை தட்டுவார்கள். மண்டேலா உட்கார்ந்து ரக்பியைப் படித்தார். மேஜர் வந்த அன்று ஆஃப்ரிகான்ஸில் வணக்கம் சொல்லி, எந்த ஆட்டக்காரர் எப்படி ஆடுகிறார் என்று பேச ஆரம்பித்தார். மேஜர் சொக்கிப்போய், உடனே ஒரு ஹாட் பிளேட் கொண்டுவந்து கொடு என்று காவலரிடம் உத்தரவிட்டார்.

சின்ன விஷயம்தான். ஆனால் அந்த ரக்பி பாடம் பத்தாண்டுகள் கழித்து வேறு இடத்தில் கைகொடுத்தது.

கடைசிச் சிறை விக்டர் வெர்ஸ்டர். அங்கே ஒரு வீடு கொடுத்து, சமையலுக்கு ஜாக் ஸ்வார்ட் என்ற சிறை அதிகாரியையும் போட்டார்கள். இவர் ஒரு காலத்தில் ராபன் தீவில் குவாரிக்குப் போகும் கைதிகளின் வண்டியை ஓட்டியவர். வேண்டுமென்றே மேடு பள்ளத்தில் விட்டுக் குலுக்குவாராம். அதை அவரே கூச்சத்தோடு சொன்னார். மண்டேலா சிரித்தார். சாப்பிட்டபின் யார் பாத்திரம் கழுவுவது என்று இருவருக்கும் தகராறு. நீங்கள் சமைத்தீர்கள், கழுவுவது என் முறை என்று பிடிவாதம் பிடித்து ஜெயித்தவர் கைதிதான்.

இதற்குள் அரசோடு ரகசியப் பேச்சு தொடங்கியிருந்தது. 1985-ல் ஜனாதிபதி போத்தா, வன்முறையைக் கைவிடுவதாகச் சொன்னால் விடுதலை என்றார். மண்டேலா மறுத்துவிட்டார். மக்களுக்கு விடுதலை இல்லாமல் தனக்கு மட்டும் எதற்கு என்பது அவர் கேள்வி. எதிரியிடம் பணிவாகப் பேசுவது வேறு, பணிந்து போவது வேறு. 1989 ஜூலை 5-ஆம் தேதி அதே போத்தாவைச் சந்திக்க அழைத்துப் போனார்கள். உள்ளே நுழையும்முன் மண்டேலாவின் ஷூ நாடா சரியாகக் கட்டப்படாததை நாட்டின் உளவுத்துறைத் தலைவர் நீல் பர்னார்ட் பார்த்தார். சட்டென்று மண்டியிட்டு அதைக் கட்டிவிட்டார். உள்ளே மண்டேலா, 1914-ல் ஆஃப்ரிகானர்கள் சொந்த அரசுக்கு எதிராகச் செய்த கலகத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தார். எங்கள் போராட்டமும் அந்த வகைதான் என்று விளக்கினார். தீவில் படித்த வரலாறு!

1990 பிப்ரவரி 11, விடுதலை. மண்டேலாவுக்கு அப்போது வயது 71.

இதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் இரண்டு மூன்று இடங்களில் நின்று பார்க்க வேண்டும்.

1993 ஏப்ரல் 10-ஆம் தேதி, கறுப்பின இளைஞர்களின் நாயகன் கிறிஸ் ஹானி அவர் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டார். சுட்டவன் போலந்திலிருந்து குடியேறிய ஒரு வெள்ளையன். நாடு பற்றி எரியத் தயாராக இருந்தது. அப்போது மண்டேலா எந்தப் பதவியிலும் இல்லை. இருந்தும் மக்களை அமைதிப்படுத்தத் தொலைக்காட்சியில் பேச வேண்டியவர் அவர்தான். கொன்றவன் ஒரு வெள்ளையன் என்று சொன்னார், மறைக்கவில்லை. அடுத்து, அவன் கார் எண்ணைக் குறித்துப் போலீசுக்குச் சொல்லி அவனைப் பிடித்துக் கொடுத்தவரும் ஒரு வெள்ளைப் பெண், ஓர் ஆஃப்ரிகானர் என்றார். இரண்டும் உண்மை. கோபத்தில் இருப்பவனுக்கு முதல் உண்மை மட்டுமே காதில் விழும். இரண்டாவதையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்ததுதான் 27 ஆண்டுப் படிப்பு.

அதே ஆண்டு, ஓய்வுபெற்ற முப்படைத் தளபதி கான்ஸ்டண்ட் வில்யூன் தலைமையில் வெள்ளைத் தீவிரவாதிகள் உள்நாட்டுப் போருக்குத் தயாரானார்கள். மண்டேலா அவரைத் தன் வீட்டுக்கு அழைத்தார். பாலா சர்க்கரையா என்று கேட்டு, தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு ஆஃப்ரிகான்ஸில் பேச்சு. போர் என்று வந்தால் உங்கள் படையை எங்களால் வெல்ல முடியாது, ஆனால் எங்கள் எண்ணிக்கையை உங்களாலும் கொன்று தீர்க்க முடியாது என்பது அந்தப் பேச்சின் சாரம். மாதக்கணக்கில் பேசியபின் 1994 மார்ச்சில் வில்யூன் ஆயுதத்தை விட்டுத் தேர்தலுக்கு மனுப் போட்டார். ஒரு கோப்பைத் தேநீர் போரை நிறுத்தியது என்று சொல்வது மிகை. வில்யூனுக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் தேநீர் இல்லாமலும் நடந்திருக்காது.

ஆட்சி கைமாறியபோது செலவுக் கணக்கும் வந்தது. வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது! அதுவரை நிறவெறி அரசை நடத்திய வெள்ளை அதிகாரிகளின் வேலைக்கும் பென்ஷனுக்கும் புதிய அரசு உத்தரவாதம் தர வேண்டும், சில ஆண்டுகள் ஆட்சியையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 1992-ல் ஒரு யோசனை வைக்கப்பட்டது. எதிரியின் மாதச் சம்பளத்துக்கு உத்தரவாதம்! சொன்னவர் யார் தெரியுமா? கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ ஸ்லோவோ. அவருடைய மனைவி ரூத் ஃபர்ஸ்ட் 1982-ல் மபூட்டோ நகரில் தபாலில் வந்த குண்டு வெடித்து இறந்தவர். அனுப்பியது தென் ஆப்பிரிக்கப் பாதுகாப்புப் போலீஸ். அந்த அரசு ஊழியர்கள் பயமில்லாமல் ஓய்வுபெற வேண்டும் என்று யோசனை சொன்னவர் அந்தப் பெண்ணின் கணவர். மண்டேலாவை மட்டும் பாடிவிட்டு ஸ்லோவோவை மறந்துவிடுவது நியாயமில்லை.

1995 உலகக் கோப்பை ரக்பி இறுதி ஆட்டத்தை நீட்டி எழுதத் தேவையில்லை. 2009-ல் வந்த இன்விக்டஸ் படத்தில் பலரும் பார்த்ததுதான். ஜூன் 24, எல்லிஸ் பார்க் மைதானம், நியூசிலாந்தை 15-12 என்று வென்றது தென் ஆப்பிரிக்கா. கேப்டன் பியனாரின் 6-ஆம் எண் பச்சைச் சட்டையில் மண்டேலா வந்து நின்றார். படத்தில் பெரிதாகத் தெரியாத ஒரு விஷயம் வேறு. அதற்கு எட்டு நாள் முன்னால், சொவெட்டோ நினைவு நாளன்று, கறுப்பர்களின் கூட்டத்துக்கு அதே அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். சொந்த மக்கள் முணுமுணுத்தார்கள், கூச்சலிட்டார்கள். வெள்ளையர் அரங்கில் கைதட்டு வாங்குவதைவிட அந்தக் கூட்டத்தில் நின்று விளக்குவதுதான் கஷ்டமான வேலை.

ஏனென்றால் அந்த மக்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. 1996 முதல் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரணை நடத்தியது. அரசியல் காரணத்துக்காகக் குற்றம் செய்தவர்கள் முழு உண்மையையும் சொன்னால் பொது மன்னிப்புக் கேட்கலாம் என்பது ஏற்பாடு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 1977-ல் போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிக்கோவின் குடும்பம் இதை எதிர்த்து நீதிமன்றத்துக்கே போனது. எங்களுக்கு நீதி வேண்டும், எங்கள் சார்பில் அரசு எப்படி மன்னிக்கலாம் என்று கேட்டது. வழக்கில் தோற்றார்கள். (பிக்கோவைக் கொன்ற போலீசாரின் மன்னிப்பு மனு 1999-ல் தள்ளுபடி ஆனது வேறு விஷயம்.) ரூத் ஃபர்ஸ்ட் கொலையைத் திட்டமிட்டவருக்கு 2000-ல் மன்னிப்பு கிடைத்தது. மகள்கள் எதிர்த்தும் கிடைத்தது. பாதிக்கப்பட்டோர் குடும்பங்களுக்கு 2003-ல் நஷ்ட ஈடாகத் தலைக்கு 30,000 ராண்ட் தர முடிவானது. நிலமும் சொத்தும் பெரும்பாலும் இருந்த கையிலேயே இருந்தன. உலகிலேயே மிக ஏற்றத்தாழ்வான நாடுகளில் ஒன்று என்று உலக வங்கி இன்றைக்கும் தென் ஆப்பிரிக்காவைத்தான் காட்டுகிறது. மண்டேலா தன் 27 ஆண்டுகளை மன்னிக்கலாம், அது அவருடையது. பிக்கோவின் பிள்ளைகளுடைய இழப்பு அவருடையது அல்லவே? இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் கிடையாது. அவருடைய பெருமையைப் பேசும்போது இந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

தனக்குச் சொந்தமான கணக்குகளை மட்டும் அவர் முழுதாகத் தீர்த்தார். 1994 மே 10-ஆம் தேதி பதவியேற்பு விழாவுக்குத் தன் பழைய சிறைக்காவலர்கள் சிலரை அழைத்தார். 1995 நவம்பரில் பெர்சி யூட்டரை, ஆம், தண்டனை வாங்கித் தந்த அதே வக்கீலை, மதிய விருந்துக்கு அழைத்தார். யூட்டர் யூதர் என்பதால் யூத முறைப்படி சமைத்த சாப்பாடு. முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

அதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்ததுதான் எல்லாவற்றிலும் விசித்திரம். இரண்டு தரப்புத் தலைவர்களின் மனைவிகளையும் விதவைகளையும் மண்டேலா ஒரு தேநீர் விருந்துக்கு அழைத்திருந்தார். நிறவெறிச் சட்டங்களின் சிற்பி என்று சொல்லப்படும் வெர்வூர்டின் விதவை பெட்சிக்கும் அழைப்பு போனது. அவருக்கு வயது 94. உடம்பு முடியவில்லை, இந்தப் பக்கம் வந்தால் என் வீட்டில் தேநீர் குடியுங்கள் என்று பதில் வந்தது. மரியாதைக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். மண்டேலா ஹெலிகாப்டரில் கிளம்பிவிட்டார்.

பெட்சி இருந்த ஊர் ஒரேனியா. வெள்ளை ஆஃப்ரிகானர்கள் மட்டுமே குடியிருக்கும் ஊர். 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, நாட்டின் முதல் கறுப்பின ஜனாதிபதி அங்கே இறங்கினார். தேநீரும், பாகில் ஊறிய கூக்சிஸ்டர் என்ற பலகாரமும் கொடுத்தார்கள். பிறகு நிருபர்கள் முன்னால் பாட்டி ஒரு அறிக்கையை வாசிக்க வேண்டும். ஆஃப்ரிகானர்களுக்கென்று தனி நாடு தருவதைப் பற்றி ஜனாதிபதி கனிவோடு யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பாட்டி கையில் கண்ணாடி இல்லை. எழுத்து தெரியாமல் தடுமாறினார். பக்கத்தில் நின்ற மண்டேலா குனிந்து தாளைப் பார்த்து, ஆஃப்ரிகான்ஸில் அடுத்த சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். பாட்டி அதைத் திருப்பிச் சொன்னார். அடுத்த சொல், அடுத்த சொல் என்று அறிக்கை முடிந்தது.

கிளம்பும்முன் அங்கிருந்த வெர்வூர்டின் சிலையைக் காட்டினார்கள். மண்டேலா அதை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ரொம்பச் சின்னதாகச் செய்துவிட்டீர்களே என்றார்.